பொற்றலை என்று நட்டோம்: ஆயர் ஈத்தாம் மூலிகைப் பாத்தியில் நடந்தது

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஒரு சின்ன அம்மன் கோவில் இருக்கிறது. கோவிலுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே 20 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு மூலிகைப் பாத்தி. துளசி, வல்லாரை, தூதுவளை, கற்பூரவள்ளி, ஓர் ஓரத்தில் நொச்சி, மறு ஓரத்தில் ஆடாதோடை. பாத்தியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். நானும் அதில் ஒருவன். போன வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு அங்கே பொற்றலை, அதாவது மஞ்சள் கரிசலாங்கண்ணி, என்று ஒரு செடியை நட்டோம். தீபாவளி வருவதற்குள் வல்லாரையைக் காணவில்லை, தூதுவளை பாதி மூடிவிட்டது. நட்டது கரிசலாங்கண்ணியே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இதே செடியை இதே பெயரில் தொட்டியில் வளர்க்கிற வீடுகளைப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பார்த்திருக்கிறேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

செடி வந்த வழி

எங்கள் பகுதி அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அக்காவுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அக்காவுக்குக் கரிசாலை, அதாவது கரிசலாங்கண்ணி, என்றால் தனி நம்பிக்கை. வள்ளலார் போற்றிய மூலிகை அது. சன்மார்க்க அன்பர்கள் நடுவே போய்வருகிற யாருக்கும் கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் அன்றாடப் பேச்சு. கெடாவில் தோட்டத்தில் இருந்த காலத்தில் அக்காவின் அம்மா வீட்டோரம் மஞ்சள் பூப் பூத்த ஒரு கீரையைக் கிள்ளிவந்து பொரிப்பாராம். "பொற்றலைக் கையாந்தகரை" என்று அம்மா சொன்ன பெயர் அக்காவுக்கு அப்படியே நினைவில் இருந்தது. பெயர் நினைவில் இருந்தது, இலை நினைவில் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இலையை யார்தான் நினைவில் வைத்திருப்பார்கள்?

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சாலையோரச் சரிவு முழுக்கப் பளிச்சென்று மஞ்சள் பூ பூத்துக் கிடந்ததை ஒருநாள் அக்கா பார்த்தார். ஐந்து தண்டுகளைக் கிள்ளி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கோவிலுக்குக் கொண்டுவந்தார். "தம்பி, இதானே பொற்றலை?" என்று என்னிடம் நீட்டினார். நான் கையில் வாங்கி, பூவைப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, அதேதான்" என்றேன். இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் முதல் தவறு இதுதான், அது என்னுடையது. அக்கா கேள்வியாகத்தான் கேட்டார், அதை உறுதியாக்கி விட்டது நான்.

அன்றைக்கே மூங்கில் குச்சியில் பெயர்ப்பலகையும் செருகினோம். பலகை வந்த பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோவிலுக்கு வருகிறவர்கள் கிள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா வாரத்தில் மூன்று நாள் பருப்போடு சேர்த்துக் கீரையாகச் சமைத்தார், மற்ற நாளில் அரைத்து மோரில் கலந்து குடித்தார். கசப்பாக இருக்கிறது, அதனால் மருந்துதான் என்றார்.

எட்டு மாதத்தில் ஆனது

பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். அந்தக் காய்ச்சலிலும் ஐந்து தண்டும் பிழைத்தன, ஒன்றுகூட வாடவில்லை. அப்போது அதைக் கைராசி என்று நினைத்தோம். ஏப்ரலில் அது நொச்சியைச் சுற்றிக்கொண்டது. வெயில் பட்ட இடத்திலும் பூத்தது, நிழலிலும் படர்ந்தது. செப்டம்பர், அக்டோபரில் பெரிய மழை இறங்கியதும் பாத்தியின் செங்கல் வரம்பைத் தாண்டிக் கோவில் சுவரோரமாக ஓடியது.

வல்லாரை போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அது தரையோடு தரையாக வளர்வது. மேலே ஒரு முழம் உயரத்துக்குப் பச்சை மெத்தை விரிந்தால் கீழே வெளிச்சம் போகாது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது வல்லாரை இருந்த இடத்தில் வெளிறிய காம்புகள் சில மட்டும் கிடந்தன.

"வெட்டுனா அடங்கும்னு பார்த்தேன் தம்பி, வெட்டுன இடத்துல ரெண்டா வருது" என்றார் தண்ணீர் ஊற்றும் பெரியவர். அவர் சொன்னது சரியாக இருந்தது. ஒரு கொடியை மட்டும் அறுபடாமல் மெதுவாகப் பெயர்த்து எடுத்து, கோவில் தரையில் நீட்டி அளந்தேன். 6 அடி 4 அங்குலம். 19 கணுக்கள், அதில் 14 கணுவில் வெள்ளை வேர் விட்டிருந்தது. அதாவது அந்த ஒரு கொடி ஏற்கெனவே 14 இடத்தில் தனித்தனிச் செடியாக நிற்கிறது. நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் தன் வேரில் பிழைத்துக்கொள்ளும்.

சந்தேகம் எனக்கு முதலில் வந்தது இதைப் பார்த்துத்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் வந்தது ஒரு பெயர்ப்பலகையால். வேலைக்காக பட்டர்வொர்த் போன இடத்தில், ஒரு நர்சரியில் இதே செடி வரிசையாகப் பையில் இருந்தது. பலகையில் வெடெலியா என்று எழுதி, தரைமூடிச் செடி என்று மலாயில் குறித்திருந்தார்கள். மேட்டுக்கும் சாலைச் சரிவுக்கும் மண் சரியாமல் இருக்க நடுவதாம். "சாப்பிடுவாங்களா?" என்று கேட்டேன். விற்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இலையைத் திருப்பிப் பார்த்தபோது

ஒரு தண்டைப் பூவோடு பழைய பேப்பரில் அழுத்தி உலர்த்தி, தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் பூவைத் தொடவே இல்லை. இலையை விரித்து, அதன் இரண்டு பக்கமும் நடுவுக்குச் சற்று மேலே துருத்தி நின்ற கூர்களைத்தான் காட்டினார். நுனியோடு சேர்த்தால் மூன்று. அந்த மூன்று மடல்தான் இதன் பெயரிலேயே இருக்கிறது: ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா. லின்னேயஸ் 1759இல் இதை வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார், 1893இல் வெடெலியாவுக்கு மாறியது, 1996இல்தான் இப்போதைய பெயர் வந்தது. நர்சரிக்காரர்கள் நாக்கில் இன்னும் வெடெலியாதான். ஜெர்மானியத் தாவரவியலாளர் கேயோர்க் வொல்ஃப்காங் வெடெலை நினைவுகூர்ந்து வைத்த பெயர் அது.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. அழகுக்கும் மண் பிடிப்புக்கும் என்று உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் இதற்குச் சிங்கப்பூர் டெய்சி என்றொரு பெயரும் உண்டு, சிங்கப்பூருக்கும் இது வந்த செடிதான். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று 2000ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இது இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை விற்பதும், இன்னொருவருக்குக் கொடுப்பதும், வெளியில் விடுவதும் சட்டப்படி தடை. அதைத்தான் நாங்கள் கோவிலில் கைநிறையக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மெய்யான மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. அதே பேரினம், ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. அதுவும் பல்லாண்டுச் செடி, அதுவும் கணுவில் வேர்விட்டுத் தரையில் படரும், இலை எதிரெதிராக வரும், மஞ்சளாகப் பூக்கும். இந்தியா, இலங்கையிலிருந்து தெற்குச் சீனா, ஜப்பான் வரை ஈரமான வயலோரங்களில் வளர்வது. குழப்பம் வருவதில் ஆச்சரியமே இல்லை. தமிழ்நாட்டிலேயே பூங்காவில் நட்ட வெடெலியாவைக் கரிசலாங்கண்ணி என்று கிள்ளுகிறவர்கள் உண்டு.

வித்தியாசம் இலையில்தான். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், பக்கவாட்டு மடல் கிடையாது, ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிறு பல். இரண்டு பக்கமும் விரலால் தடவினால் சொரசொரக்கும். எங்கள் பாத்தியில் இருந்தது தடிப்பான, மேலே மெழுகு பூசினாற்போல் மினுமினுக்கும் இலை. அடிப்பக்கம் ஆப்பு மாதிரி ஒடுங்கி, நடுவில் அகன்று, மடல் விட்டுப் பல்வெட்டோடு இருந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரே கொடியில் நுனிப்பக்கத்து இளம் இலைகள் சிலவற்றில் மடல் சரியாகத் தெரியாது. ஒற்றை இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு முழுக் கொடியை எடுத்து நாலைந்து கணுவாவது பார்க்க வேண்டும்.

பூவை நம்பக்கூடாது என்று ஆசிரியை சொன்னதற்குக் காரணம் உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம். அவர் ஊசியால் பிரித்துக் காட்டினார். சுற்றிலும் இதழ் போல் நிற்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ, நுனியில் சின்னப் பிளவோடு. நடுவில் பொட்டு மாதிரித் தெரிவது பல குழல் பூக்கள். எல்லாம் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் சிரமஞ்சரி என்று படித்தது இதைத்தான். சிரம் என்றால் தலை. பொற்றலை என்று பெயர் வைத்தவர்களும் இதைத் தலை என்றுதான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் குடும்பத்தில் பொன்னிறத் தலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பினாங்குக் கடற்கரையோரம் புதராகக் கிடக்கும், மலாயில் செருனாய் லாவுத் என்று சொல்லும் செடிகூட மஞ்சள் தலைதான், அது வேறு செடி.

எதிர் வீட்டுச் சீன அங்கிள் கதையும் இதேதான் என்று பிறகு தெரிந்தது. சீன மருத்துவத்தில் பெங் சி ஜூ என்று வழங்குவது நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணியே. அவரும் சாலையோர வெடெலியாவை அதே பெயரில் பறித்துவந்து, சூடு தணியக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார். தெற்குச் சீனாவில் இரண்டு செடியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து கலப்பினமே உண்டாகியிருக்கிறது என்று ஆசிரியை சொன்னபோது, அங்கிளுக்குத்தான் ஆர்வம் அதிகமாகிவிட்டது.

அக்காவிடம் சொல்வது

செடியைப் பிடுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது இது. அக்கா அதை எட்டு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். உடம்புக்கு எதுவும் ஆகவில்லை, அது நிம்மதி. ஆனால் கிளினிக்கில் சொன்ன மூன்று மாதப் பரிசோதனைக்கு அவர் போகவே இல்லை. "அதான் கரிசாலை சாப்பிடறேனே" என்று தள்ளிப்போட்டிருக்கிறார். இந்த நிகழ்வில் உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தப்பான கீரை வயிற்றுக்குள் போனதைவிட, அந்தப் பெயர் கொடுத்த தைரியத்தில் ஐந்து மாதம் பரிசோதனை இல்லாமல் போனது பெரிது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சாலையோரத்தில் களைக்கொல்லி அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். சரியான மூலிகையாகவே இருந்தாலும் அங்கே கிள்ளக்கூடாது.

வீட்டுக்கே போய், கோப்பி குடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கம்மா கிள்ளுனது அப்போ எது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "இரண்டும் ஒரே சாதிதானே தம்பி, குணம் மட்டும் எப்படி மாறும்?" என்றார் அடுத்து. இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது.

கரிசாலையில் பேசப்படும் முக்கியமான பொருள் வெடெலோலாக்டோன். அதன் அமைப்பை 1956இல் சென்னையில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவரோடு இருந்தவர்களும் கண்டு வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடியே மஞ்சள் கரிசலாங்கண்ணிதான், அதையும் அப்போது வெடெலியா பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அது உண்டு. கல்லீரலைக் காக்கிறது என்று சொல்லும் பரிசோதனைகள் பெரும்பாலும் எலிகளிலும் செல்களிலும் செய்தவை. டிரைலோபாட்டாவை ஆராய்ந்தவர்கள் பேசுவது வேறு சரக்கு: கௌரீன் வகை டைட்டர்ப்பீன்கள், செஸ்குவிடர்ப்பீன் லாக்டோன்கள். கரீபியன் பக்கத்து நாட்டு வைத்தியத்தில் அதற்கென்று பயன்கள் இருக்கின்றன. ஆனால் இங்கே எழுதிய குணத்தை எடுத்து அங்கே ஒட்ட முடியாது. நாங்கள் ஒட்டியது பலகையை மட்டும்தான்.

அடுத்த வாரமே அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அடுத்த தேதி அவர் வீட்டுக் காலண்டரில் சிவப்பு வட்டமாக இருக்கிறது. சமையலில் என்ன சேர்க்கிறார் என்பதையும் இப்போது டாக்டரிடம் சொல்லிவிடுகிறார்.

பிடுங்கியது

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு ஆரம்பித்தோம். புல் வெட்டும் மெஷினைக் கொண்டுவருகிறேன் என்று ஒரு தம்பி சொன்னான், வேண்டாம் என்று நிறுத்தினோம். இந்தச் செடி இந்த ஊரில் விதையால் பரவியதாக நான் பார்க்கவில்லை, துண்டுகளால்தான் பரவுகிறது. மெஷின் அதைத் துண்டு துண்டாக்கி நாலு பக்கமும் வீசும். மழை பெய்து மண் இளகியிருந்ததால் கையாலும் முள்கரண்டியாலும் கணு கணுவாகப் பெயர்த்தோம். இரண்டு ஞாயிறுகளில் 11 அரிசி மூட்டை நிரம்பியது.

இங்கே இன்னொரு தவறு நடந்தது. ஒரு மூட்டையை யாரோ கால்வாய் ஓரத்தில் கொட்டிவிட்டார்கள். கீரைக்கழிவுதானே, மக்கிவிடும் என்று நினைத்திருப்பார்கள். மூன்று வாரத்தில் கொட்டிய குவியலே மஞ்சளாகப் பூத்து நின்றது. நிழலில் கட்டி வைத்த இன்னொரு மூட்டையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை வேர் பின்னிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு முறைக்கு வந்தோம்: கோவில் கொட்டகையின் ஜிங் தகரக் கூரைமேல் பரப்பி, தண்டு ஒடித்தால் படக்கென்று முறியும் வரை காயவிடுவது. மழை வந்தால் மேலே பிளாஸ்டிக் விரிப்பு. நன்றாகக் காய்ந்ததைத்தான் குப்பையில் சேர்த்தோம். பாத்தியில் அட்டைப்பெட்டிகளை விரித்து மேலே மண் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தளிர் பார்த்தோம். முதல் தடவை எண்ணி முடியவில்லை. ஜனவரியில் ஏழு. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் இரண்டு, இரண்டும் நொச்சி வேருக்குள் ஒளிந்திருந்தவை.

அதன் இடத்தில்

திருச்சிக்குப் போகவிருந்த ஓர் ஆன்ட்டி, அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணித் தண்டை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்றோம். உயிருள்ள செடியை அனுமதியில்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவரக்கூடாது, 1976ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் இருக்கிறது. ஊர் மாறி வந்த ஒரு செடியோடு எட்டு மாதம் மல்லுக்கட்டிய பிறகு இன்னொன்றை அப்படிக் கொண்டுவர எங்களுக்கும் மனம் இல்லை.

தேடியது காலடியிலேயே கிடைத்தது. கோவில் குழாயடி ஈரத்தில், வெள்ளையாகச் சட்டைப் பித்தான் அளவில் பூத்து ஒரு களை எப்போதும் முளைக்கும். துடைப்பம் போடும்போது பிடுங்கி எறிவோம். பக்கத்துத் தாமான் மலாய் மக்சிக் (அத்தை) ஒருவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "உராங்-ஆரிங்!" என்று குனிந்து பறித்தார். தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார்களாம். நம் வீட்டில் காய்ச்சுகிற அதே எண்ணெய். வெள்ளைக் கரிசலாங்கண்ணி! இந்தத் தடவை இலையைத் திருப்பினேன். ஒடுங்கிய இலை, மடல் இல்லை, இரண்டு பக்கமும் சொரசொரப்பு. விரலில் வைத்துக் கசக்கினேன், பச்சைச் சாறு சிறிது நேரத்தில் கருமையாகி நகக்கணுவில் ஒட்டிக்கொண்டது. ஒரு கொடியை அழுத்தி உலர்த்தி ஆசிரியையிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகே பாத்தியில் வைத்தோம்.

இப்போது எங்கள் பலகையில் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் இருக்கின்றன. கீழே, செடியை அடையாளம் பார்த்த தேதி. அப்படிப் பார்க்காத செடிக்குப் பெயர் போடுவதில்லை, குச்சி மட்டும் நிற்கும். வல்லாரை அக்கா வீட்டுத் தொட்டியிலிருந்து திரும்பி வந்தது. நல்லவேளையாக அவரிடம் ஒரு தொட்டி மிச்சம் இருந்தது.

கோவிலுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடெலியா இன்னும் நிறைய இருக்கிறது. அதை நாங்கள் தொடவில்லை. அது எங்கள் இடம் இல்லை, அதைவிட முக்கியமாக, அந்தச் சரிவின் மண்ணை இப்போதைக்கு அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாற்றுச் செடி வேர்பிடிக்காமல் அங்கே உரித்தெடுத்தால் அடுத்த அக்டோபர் மழையில் மண் கோவிலுக்குள் வரும். சரிவுக்கும் பாத்திக்கும் நடுவே ஓரடி அகலத்துக்கு வெட்டவெளியாக வைத்து, ஜல்லி போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் அதன் நீளத்துக்கு நடந்து, தாண்டி வரும் கொடியைக் கிள்ளிக் கூரைமேல் போடுகிறார்கள். போன வாரம் அக்காவின் முறை. மூன்று கொடி கிள்ளியதாகச் சொன்னார், மூன்றிலும் இலையை விரித்துப் பார்த்தாராம்.